கடைசி அத்தியாயம் மட்டும்

என் நாவலின் கடைசி அத்தியாயத்தை வேறு யாரோ எழுதியிருக்க வேண்டும் என்று சென்னை ஆராய்ச்சி மாணவி ஒருத்தி கட்டுரை எழுதினாள். மற்ற அத்தியாயங்களில் இருக்கும் உயிர் அதில் இல்லையாம். நான் எழுதியது அந்த ஓர் அத்தியாயம்தான்.

மீதியெல்லாம் என் மனைவி எழுதியது. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து தெலுங்கு மீடியத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. இந்தத் தெலுங்கு ஊரில் அப்படிப் பல தமிழர்கள். மளிகைச் சீட்டைக்கூடத் தமிழில் நினைத்துத் தெலுங்கு எழுத்தில் எழுதுவார்கள். அவளும் அப்படியே நாலு நோட்டு நிறைய எழுதியிருந்தாள். நான் தமிழ் எழுத்துக்கு மாற்றினேன், முடிவை மாற்றினேன், என் பெயரைப் போட்டுக்கொண்டேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவி, அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கட்டுரை வந்த வாரம் மாரெட்பள்ளி இலக்கியக் கூட்டத்தில் அதே பேச்சு. காவியங்களில் எது இடைச்செருகல் என்று வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அன்று பாதியிலேயே நழுவிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் நோட்டுகளை எரித்துவிடலாமென்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். காலி. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எனக்கோ வீட்டுக்குள் மூடிக் கிடந்த வாயைக் கண்டுதான் பயம். எங்கே என்று அவளைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த மாணவியே வந்துவிட்டாள். கையெழுத்துப் பிரதி கேட்டாள். கொடுத்தேன். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லையே சார், முதல் பிரதி எங்கே என்றாள். கரையான் அரித்துவிட்டது என்றேன்.

என் மனைவி காபி கொண்டுவந்தாள். டம்ளர்களை வைத்துவிட்டு, பக்கத்திலேயே நாலு நோட்டுகளையும் வைத்தாள். இவளுடைய சமையல் குறிப்பும்மா, தெலுங்கு, என்று அவசரமாகச் சொன்னேன். மாணவி நம்பி ஒதுக்கி வைத்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் ஒரு நோட்டை எடுத்தாள். அவளுக்கும் தமிழ் படிக்க வராது. அப்பா நாவலை ஒரு பக்கம்கூடப் படிக்காமலே ஊரெல்லாம் பெருமை பேசியவள். சத்தமாக நாலு வரி படித்துவிட்டு நிறுத்தினாள்.

“அப்பா, இது தெலுங்கு இல்ல. நம்ம தமிழ். அம்மா பேசற மாதிரியே இருக்கு.”

ஐந்தாவது வரியை நோட்டைப் பார்க்காமலே மாணவி சொன்னாள். என் நாவல் அவளுக்கு மனப்பாடம். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“முடிவ மட்டும் இவர் மாத்திட்டாரு,” என்றாள் என் மனைவி, மகளிடம். “கடைசிப் பக்கத்தப் படிடி.”

என் முடிவில் கதாநாயகி புருஷனை மன்னித்து வீடு திரும்புவாள். இவள் எழுதியதில் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விடுவாள்.

மகள் படிக்க ஆரம்பித்தாள். என் மனைவி வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள்.