தம்பி விட்டுக்கொடுத்த பையன்

என் தம்பி, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவன். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அதனால்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரே சைக்கிள் அணி கட்டியதைக் கேட்டு வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

அணி என்றால் நிஜ அணி இல்லை, கைத்தொலைபேசியில் ஆடுகிற விளையாட்டு. ஐரோப்பாவில் சைக்கிள் பந்தயம் ஓடுகிறவர்களில் நமக்குப் பிடித்தவர்களை வருஷத் தொடக்கத்தில் பொறுக்கி எடுக்க வேண்டும். அவர்கள் அங்கே முன்னால் வந்தால் இங்கே நமக்குப் புள்ளி. பேர் வாங்கிய ஆட்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் எடுக்க முடியாது. மிச்ச இடத்தை யாருக்கும் தெரியாத இருபது வயதுப் பையன்களை வைத்துத்தான் நிரப்ப வேண்டும். அவர்களில் ஒருவன் அந்த வருஷம் எழும்பிவிட்டால் அணி மேலே போய்விடும். கெடு முடிந்துவிட்டால் அடுத்த வருஷம் வரை ஆளை மாற்ற முடியாது. காசு பணம் ஒன்றும் கிடையாது, வீம்புதான்.

நாங்கள் மலேசியாவில் இருக்கிறோம். தம்பி சுங்கை சிப்புட்டில் இருக்கிறான். லோரி ஓட்டுகிறவன். முட்டியில் ஆபரேஷன் செய்து வீட்டில் கிடந்தபோது இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தான். நான் ஈப்போவில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். எனக்குச் சைக்கிள் ஓட்டவே வராது. "பொழுது போகலக்கா, நீயும் வா லா" என்றான். அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவன்தான். போனேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செம்மோரில் ஒரு ரொட்டி சானாய் கடையில் சந்திப்போம். எனக்கும் அவனுக்கும் அதுதான் நடுவழி. ஜனவரி வந்துவிட்டால் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் சண்டை ஆரம்பிக்கும். நான் போன வருஷம் சின்னப் பந்தயங்களில் யார் எத்தனையாவதாக வந்தான் என்று பார்ப்பேன். அவன் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்ப்பான்.

"இவன் மூஞ்சிய பாருக்கா. ஜெயிச்சிட்டு வாரான், கூட ஓடுனவனுக்கு ஒரு கை குடுத்தானா? இவனெல்லாம் குடும்பத்துக்கு ஆவ மாட்டான்."

"நாம பொண்ணா குடுக்கப் போறோம்? புள்ளிதானடா வேணும்."

"பொண்ணு குடுக்கறதுனாகூட யோசிக்காம குடுத்துரலாம். இது ஒரு வருஷத்துக்கு மாத்த முடியாது."

கடைக்காரர் எங்கள் மேசைக்கு வரவே யோசிப்பார். நான் சொல்கிற ஒரு பையனுக்கு அவனைச் சம்மதிக்கவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அதிலும் பிரான்ஸ்காரப் பையன் ஒருவன், ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். அவன் பேரை எடுத்தாலே தம்பிக்குப் பற்றிக்கொண்டு வரும். "அந்தத் தடியன் மலையேத்தத்துல ஃபுல் லோடு லோரி மாதிரிக்கா. உறுமிக்கிட்டே நிப்பான், நகர மாட்டான்" என்பான். அவனைச் சீண்டுவதற்காகவே வருஷா வருஷம் "தடியனைப் போடலாமா?" என்று கேட்பேன். ஒரு தடவை கோபத்தில், நுரைக்க ஆற்றி வைத்த தே தாரேக் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான். வீட்டுக்குப் போய் அவனே போன் அடித்தான், தடியன் ஏன் ஆக மாட்டான் என்று இன்னும் கொஞ்சம் விளக்க.

போன வருஷ ஜனவரியில்தான் என் மகளின் கல்யாணப் பத்திரிகையும் அச்சாகி வந்தது. மாசியில் கல்யாணம். எங்களில் முதல் பத்திரிகை குலசாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. புருஷனும் பெண்டாட்டியுமாகத் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, வீட்டுக்குப் போய் நேரில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊருக்கு. குலசாமிக்கு வைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போவதாக இருந்தோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். மறுநாள் அணிக்குக் கெடு. ஒரே ஓர் இடம் பாக்கி. நான் நார்வே பையனைப் போட வேண்டும் என்கிறேன். அவன் கொலம்பியா பையன்தான் என்கிறான். மாறி மாறி வாட்சப்பில் அனுப்பிக்கொண்டிருந்தோம். நான்கு நாளாக நடக்கிற சண்டை அது. திடீரென்று அவனிடமிருந்து ஒரு வரி வந்தது.

"சரிக்கா. நீ சொல்ற பையனையே போடு."

எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. குசினியில் இருந்த என் வீட்டுக்காரரிடம் ஓடி, "ஒங்க மச்சான் இன்னிக்கி எங்கிட்ட தோத்துட்டான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "குடும்ப குரூப்ப பாத்தியா நீ?" என்றார்.

பார்த்தேன். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள், பத்திரிகையைப் படமாக்கிக் குடும்பக் குரூப்பில் போட்டிருந்தாள். சித்தப்பா, அத்தை, பினாங்கு ஒன்றுவிட்ட தம்பிகள் எல்லாரும் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தாய்மாமனும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறான். ஊரோடு ஊராக அவனும் பார்த்திருக்கிறான். மகள் அதைப் போட்ட நேரத்துக்கும் அவன் விட்டுக்கொடுத்த நேரத்துக்கும் நடுவில் ஒரு தே குடிக்கிற இடைவெளிகூட இல்லை. மகளைத் திட்டி என்ன பயன், அவளுக்கு இந்த முறையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?

வீட்டுக்காரர் சட்டையை மாட்டினார். "இப்பவே போயி குடுத்துட்டு வந்துரலாம். அர மணி நேரந்தான" என்றார்.

"இன்னிக்கி அஷ்டமி. நாளைக்கி நவமி. தட்ட எடுக்கக் கூடாது. ஞாயித்துக்கெழமையே போலாம்" என்றேன்.

ஒரு முறையை உடைத்துவிட்டு இன்னொரு முறையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத் தட்டு இல்லாமல் வெறுங்கையோடு போயிருந்தாலும் போதும். வாசலில் நின்று "டேய்" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால், அவனும் நான்கு வார்த்தை திட்டியிருப்பான், தீர்ந்திருக்கும். அதை நினைக்காத நாள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். தம்பி பெண்டாட்டி பாய் விரித்தாள், தே கலக்கினாள். தம்பி இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டான்.

"போன்லயே பாத்துட்டேன்க்கா. நல்லா இருக்கு கார்டு" என்றான். அதில் குத்தல்கூட இல்லை. குத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

கல்யாணத்துக்கு வந்தான். எல்லாருக்கும் முன்னால் வந்து, மண்டபத்தில் நடு வரிசையில் உட்கார்ந்தான். பெண்ணை மணவறைக்குக் கூட்டிவரத் தாய்மாமனைக் கூப்பிட்டார் ஐயர். மேடையிலிருந்து நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அழைத்தார்.

"முட்டி வலிக்கிது மச்சான், படி ஏற முடியாது. பெரியப்பா மவன் செய்யட்டும், அவனும் மாமன்தான" என்றான்.

அந்த வாரமெல்லாம் லோரியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவன் அவன். மூன்று படி. பெரியப்பா மகன்தான் என் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். மகள் அழுதாள். கல்யாணப் பெண் அழுவது வழக்கம்தானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

அந்த நார்வே பையன் அந்த வருஷம் ஓடினான் பாருங்கள், அப்படி ஓடினான். மலையா, மழையா, எதுவும் அவனுக்குப் பொருட்டில்லை. கொலம்பியா பையன் இரண்டாவது பந்தயத்திலேயே விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டான். நான் சொன்னதுதான் சரி. எங்கள் அணி என்றைக்கும் போகாத இடத்துக்குப் போயிற்று. நார்வே பையன் ஜெயிக்கும் நாளெல்லாம் தம்பிக்கு அனுப்புவேன். கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வரும். செம்மோருக்கு வரச் சொன்னால், "லோடு இருக்குக்கா, பெறவு பாப்போம்" என்பான். கடைக்காரர் இப்போது என்னிடம் தம்பியை விசாரிப்பதை நிறுத்திவிட்டார்.

இந்த ஜனவரியில் நானே கிளம்பி சுங்கை சிப்புட் போனேன். பழைய எஸ்டேட் நிலத்தில் கட்டிய வரிசை வீடு அவனுடையது. வாசலில் லோரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தான். ஒரு குறையும் வைக்கவில்லை. மகள் எப்படி இருக்கிறாள், மாப்பிள்ளை எப்படி என்று கேட்டான். நான் கைத்தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தேன்.

"நாளைக்கி கெடு. பையனுங்க எடம் நாலும் காலியா கெடக்கு. யார போடலாம் சொல்லு."

"நீயே போடுக்கா. போன வருசம் நீ போட்டதுதான ஓடுச்சி."

"நீ கொலம்பியாக்காரனுக்காக நாலு நாளு சண்ட போட்டியே."

"அப்ப தெரியல" என்று சிரித்தான்.

இவனை எப்படியாவது கோபப்படவைக்க வேண்டும், இந்த மேசையைத் தட்டவைக்க வேண்டும் என்று இருந்தது. கையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது எனக்கு.

"அந்தத் தடியன போடட்டுமா? பிரான்ஸ்காரன?"

தம்பி என் தே குவளையைப் பார்த்தான். ஆறிப்போயிருந்தது. உள்ளே திரும்பி அக்காவுக்கு வேறு தே கொண்டுவரச் சொன்னான்.

"போடுக்கா" என்றான். "நல்லா ஓடுவான்."