வாயில் நின்ற ஒரே சொல்

எனக்கு எழுபத்தோரு வயசு. பெத்தது நாலு, செத்துப்போன தங்கச்சி விட்டுப்போனது ரெண்டு, ஆக ஆறு பேரை வளர்த்தவள் நான். காஞ்சிபுரத்தில் கூலிக்குப் பட்டு நெய்துதான் வளர்த்தேன். யார் எது கொடுத்தாலும் "வாணாம்"னு சொல்லியே பழக்கம்.

போன மழைக்காலம் வாசலில் வழுக்கி விழுந்து மண்டையில் அடி. ஆபரேஷன் பண்ணி ரத்தக் கட்டியை எடுத்தார்கள். கண் முழித்தேன். எல்லாரையும் தெரிந்தது, பேசினதெல்லாம் புரிந்தது. வாயைத் திறந்தால் மட்டும் ஒரே சொல்தான். "வாணாம்."

பேச்சுக்கான இடத்தில் அடி என்றார் டாக்டர். வீட்டில் யார் நம்பினார்கள்? நான் எப்பவும் சொல்கிறதுதானே அது!

பசிக்கும். தட்டு வரும். "வாணாம்" என்பேன். தட்டு போய்விடும். வலது கை மரத்துக் கிடந்தது. இடது கையை நீட்டினால் தட்டைத் தள்ளுகிறேன் என்று நினைத்தார்கள். மருமகள் எஸ்தர் கெஞ்சி ஊட்டினால் ரெண்டு வாய் உள்ளே போகும், அதுக்குள்ள மறுபடி "வாணாம்" வந்துடும்.

"அம்மாவுக்கு ரோஷம் மட்டும் அப்படியே இருக்குதுபா!" மகன் சிரித்தான். நான் உள்ளுக்குள் கத்தினேன். ஜன்னல் வழியா எல்லாம் தெரியுது, கதவுக்கு வெளியே பூட்டு போட்ட மாதிரி.

ஒரு ஞாயிறு பாஸ்டர், ஆண்டவர் நினைவா சபையில் கொடுக்கிற திருவிருந்து அப்பத்தை வீட்டுக்கே கொண்டுவந்தார். அப்பத்தை என் வாயருகே நீட்டினார். கண்ணில் தண்ணி நிக்குது, வாய் சொல்லுது: "வாணாம்." அவர் கை அப்படியே நின்றது.

"ஆண்டவர் மேலயே கோவமா மா?" என்று கூட வந்த ஒரு அம்மா கேட்டது. அதுக்கும், "வாணாம்." அப்பம் திரும்பிப் போனது.

சுவரைப் பார்த்துப் படுத்து மனசுக்குள் அழுதேன். ஆண்டவரே, இவங்களுக்குத்தான் புரியல. உமக்குமா? அடுத்த திருவிருந்துக்குள்ள என் வாயைத் திறந்துவிடும்.

அந்த வாரமே எஸ்தர் வீட்டுத் தறியில் புதுப் பாவு பிணைக்க உட்கார்ந்தாள். விரலில் சாம்பல் தொட்டு, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்குகிற வேலை. கை ஒரே சீராகப் போகணும்னு பாடிக்கினே முறுக்கத்தான் நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். எனக்குப் பிடித்த கீர்த்தனையைப் பாடினாள். ரெண்டாம் சரணத்தில் வரி மறந்து நின்றாள்.

மீதியை நான் பாடினேன். ஒரு சொல் சிந்தாமல்.

"அத்தே!" சாம்பல் கையோடு ஓடிவந்தாள். அதே ராகத்தில் இழுத்தாள்: "அத்தைக்கு இன்னா வேணும்?"

நானும் இழுத்தேன்: "சோறு... வேணும்."

"இத்தினி நாளா பசியோடவா இருந்தீங்க?" என் மடியில் விழுந்து அழுதாள்.

அடுத்த திருவிருந்தில், "வேணும்" என்று பாடித்தான் அப்பத்தை வாங்கினேன். சபையே சிரித்து அழுதது.

பேச்சுக்கு மூளையில் ஒரு இடம், பாட்டுக்கு வேற இடமாம், அதான் பாட்டு தப்பிச்சுதுன்னு டாக்டர் சொன்னார். பேச்சுப் பயிற்சிக்குப் போய்க்கினு இருக்கேன். இன்னும் சில சொல் வழுக்கும். வழுக்கினால் பாடிவிடுவேன். இப்போ யார் அன்பாகக் கொடுத்தாலும் வாங்கிக்கிறேன். உங்க வீட்டில் பேச்சு நின்றுபோனவர் இருந்தால், உள்ளே ஆள் இருக்குதுன்னு நம்புங்க, பக்கத்தில் உட்கார்ந்து பாடுங்க, ஜெபம் பண்ணுங்க. மனசுக்குள்ள வேண்டிக்கினதுகூட ஆண்டவர் காதுக்குப் போகுது.

நான் இழுத்து இழுத்துச் சொல்ல, பேத்தி ஜெனி இதை எழுதினாள். எங்கே, படிச்சுக் காட்டு கண்ணு. நடுவுல ஆயா வாயில "வாணாம்"னு வந்தா நிறுத்திடாதே. படி.