செம்பனுக்காகக் கேட்ட ஜெபம்

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல எழுந்து நிற்கிறேன். ஒரு பூனையைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சாட்சியைச் சொல்ல முடியாது. சபையார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷம். மலையாள ராஜ்யத்தில் கிடந்த தமிழ் பேசும் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று எங்கும் ஊர்வலம். எங்கள் வீடு பாறசாலைக்கும் செங்கலுக்கும் நடுவில் இருந்தது. என் வீட்டுக்காரர் சந்திப்பில் தையல்கடை வைத்திருந்தார். ஓணத்துக்கு முந்திய வாரம் ஊர்வலத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. போலீசார் அடித்துக் கலைத்தார்கள், சிலரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டேன். நெய்யாற்றின்கரை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்தேன். இங்கே இல்லை என்றார்கள். செத்துப்போனார் என்றும் ஒருவர் சொன்னார்.

நான் ஜெபித்தேன். உபவாசம் இருந்தேன். ஒரு பதிலும் இல்லை. ஓணம் கழிந்தது, மழையும் வந்தது. ஒரு நாள் காலையில் முழங்கால்படியிட்டேன். வாயில் வார்த்தை வரவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு ஜெபிக்கவில்லை.

என் மகள் எஸ்தருக்கு அப்போது ஆறு வயது. அப்பா போன பிறகு அவள் சோறு தொடவில்லை. எங்கள் செம்பன் பூனை பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மட்டும் அவனுக்கு ஒரு வாய் வைத்து, தானும் ஒரு வாய் தின்பாள். பிள்ளை அப்படித்தான் உயிர் பிழைத்துக் கிடந்தாள்.

அந்தச் செம்பன் வாந்தி எடுக்கத் தொடங்கினான். வெளியே எதைத் தின்றானோ, தெரியாது. முதலில் சோறு வந்தது, பிறகு மஞ்சள் நுரை. வயிற்றாலும் போனது, தண்ணீராக. தெம்புக்காக ஆட்டுப்பால் வைத்தேன். குடித்தான். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. மறுநாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. கண் குழிந்திருந்தது. கழுத்துத் தோலைப் பிடித்து விட்டால் பிடித்தபடியே நின்றது. கடைகள் அடைத்துக் கிடந்தன. ரோட்டில் போலீஸ். பூனையைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போவேன்?

எஸ்தர் அவனைக் கிடந்த சாக்கோடு மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அம்மா, அப்பாக்கு ஜெபிச்சோம், அப்பா வரல்ல. இவனுக்காவது ஜெபிப்பமா?”

புருஷனுக்காகக் கேட்டதைக் கேட்காத தேவன் பூனைக்காகக் கேட்பாரா? கசப்போடுதான் கண்ணை மூடினேன். “ஆண்டவரே, பெரிசா ஒண்ணும் கேட்க எனக்குப் பெலன் இல்ல. இந்த வாயில்லா ஜீவன் மட்டும் போகாம பாத்துக்கிடும். என் பிள்ளை சோறு உண்ணணும்.” அவ்வளவுதான். ஆமென் சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை. எஸ்தர் சத்தம் போட்டு அழுதாள்.

சற்று நேரத்தில் முற்றத்தில் ஆள் வந்து நின்றது. பக்கத்து வீட்டுச் சரோஜினி அக்கா. மலையாளக் குடும்பம், அவர் புருஷன் போலீசில் கான்ஸ்டபிள். ஊர்வலத்துக்குப் பிறகு இரண்டு வீடும் பேசுவதில்லை. நடுவில் இருந்த வேலி வழியையும் முள் போட்டு அடைத்திருந்தோம். அவர் ரோட்டைச் சுற்றி வந்திருந்தார்.

“பிள்ளை கரையுத சத்தம் கேட்டாக்கும் வந்தேன். பூச்சைக்கு என்ன பற்றிச்சு?”

சொன்னேன். கீழே உட்கார்ந்து செம்பனின் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

“பால் கொடுத்தியா ஞானம்மே? இனி கொடுக்கண்டாம். வயிறு கெட்டா பால் ஆகாது. இப்ப தீனி ஒண்ணும் வைக்காதே. வெள்ளம் காச்சி ஆத்தி, துணியில நனைச்சு நாக்குல தொட்டு வை. வாயைப் பிளந்து ஊத்தாதே, மூச்சுல கேறிரும்.”

இரண்டு பேரும் மாறி மாறித் தொட்டு வைத்தோம். முதலில் நக்கவே இல்லை. உச்சிப்பொழுது கழிந்த பிறகு நாக்கை நீட்டினான். அந்தத் தண்ணீர் வெளியே வரவில்லை. கொஞ்சங்கொஞ்சமாகக் கஞ்சித்தெளிவும் உள்ளே நின்றது. நாளைக்கு உப்பும் மிளகும் போடாமல் மீனை அவித்து, முள் எடுத்துக் கொடு என்றார் அக்கா. எஸ்தர் அவனோடு சாய்ந்து தூங்கிப்போனாள்.

அப்போதுதான் அக்கா ரோட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

“ஞானம்மே, உன் ஆளு உயிரோட உண்டு.”

“எங்கக்கா?” என்றேன்.

“எங்க வீட்டு ஆளு கண்ணால கண்டதாக்கும். திருவனந்தபுரத்துல ஆஸ்பத்திரியில காவல்ல கிடக்காரு. கால் முறிஞ்சிருக்கு. பேசுதாரு, சோறும் உண்ணுதாரு.”

“ஏன்க்கா இத்தன நாளும் சொல்லல்ல?”

“பேடிச்சேன் மக்கா. சொன்னது தெரிஞ்சா அவருக்க வேலை போவும். உன் வீட்டுல கேறி வரவும் ஒரு காரணம் வேணுமே. இன்னைக்கு யாராவது கேட்டா, பூச்சையப் பாக்கப் போனேன்னு சொல்லிக்கிடலாம்.”

நான் அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். பூனைக்காகக் கேட்டேன், என் புருஷனின் சேதியையும் சேர்த்து அனுப்பினார் கர்த்தர். அவர் அனுப்பிய ஆள், நான் வழியடைத்த வீட்டிலிருந்து வந்தார்.

மறுநாள் செம்பன் அவித்த மீனைத் தின்றான். எஸ்தர் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள். நான் திருவனந்தபுரம் போய் என் வீட்டுக்காரரைக் கண்டேன். கிறிஸ்துமசுக்கு முன்பு விடுதலையாகி வீட்டுக்கு வந்தார். ஒரு கால் நேராகவே இல்லை. பிறகு எல்லை வகுத்தபோது எங்கள் ஊர் கேரளத்தில்தான் நின்றது. அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை உண்டு. கேட்டதெல்லாம் கிடைத்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்றிலிருந்து நான் ஜெபத்தை விடவில்லை. கசப்பு இருந்தால் கசப்போடே போய் நிற்கிறேன். பிரியமானவர்களே, உங்களில் யாருக்காவது இன்றைக்கு ஜெபிக்க வாய் வராமல் இருக்கலாம். விசுவாசம் பெருகட்டும் என்று காத்திருக்காதீர்கள். கையில் இருக்கிற சின்னத் துக்கத்தை அப்படியே அவரிடம் கொண்டுபோங்கள். அவர் கேட்கிறார். நான் கண்டேன்.