வெள்ளிக்கிழமை பத்தரை மணி

எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூருக்கு வரும் சுற்றுப்பயணிகள் குறைந்துபோயிருந்தார்கள். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய எங்கள் கடைவரிசைக்கோ அதைவிடப் பெரிய கவலை: வரிசையையே இடிக்கப்போகிறார்கள் என்று பேச்சு. பயணிகள் தேடி வரும் தெரு என்று காட்டினால் இடிக்க யோசிப்பார்கள் என்பது எங்கள் வியாபாரிகள் சங்கத்தின் நம்பிக்கை. நான் செயலாளர். எழுதுபொருள் கடைக்காரன்; நாலு வரி இங்கிலீஷ் எழுதுவேன் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சுற்றுலா நிறுவனங்களின் சங்கத்துக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டேன். கடைசியில் ஒரு சீனப் பெண்மணியை அனுப்பச் சம்மதித்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு பஸ்தான், கடைகளுக்கு முன்னால் ஆட்கள் நடக்கிற ஐந்தடிப் பாதையை அடைக்கக்கூடாது, வெள்ளைக்காரருக்குத் தனி விலை கூடாது. தெரு தாங்குகிற அளவுக்குத்தான் கூட்டம் என்று ஓர் ஒப்பந்தம். எல்லாக் கடைக்காரர்களும் கையெழுத்துப் போட்டால் தெரு அவர்கள் பட்டியலில் சேரும். அவர் வரும் நாள் மாலையே பட்டியல் அச்சுக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை காலை பத்தரை என்று நேரம் குறித்த புத்திசாலி நான்தான்.

சங்கத் தலைவரின் மளிகைக் கடை மாடியில் கூடினோம். முதல் ஆளாக நான் கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் தலைவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மற்றவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"தம்பி, மணி என்ன?"

"பத்தே முக்கால், அண்ணே."

"வெள்ளிக்கிழமை ராகு காலம் லா. பன்னெண்டு அடிக்கட்டும், அப்புறம்தான் கை வெப்பேன்."

வருஷா வருஷம் தினசரி நாட்காட்டி விற்பவன் நான். தாளுக்குத் தாள் ராகு காலம் போட்டிருக்கும். ஞாயிறு மாதா கோயில் பூசைக்குப் போகிற எனக்கு அதைப் படிக்க ஒருநாளும் தோன்றியதில்லை.

பேனாவை மேசையில் வைத்தேன். மற்றவர்களும் அதைத் தொடவில்லை. அந்தப் பெண்மணி கடிகாரத்தைப் பார்த்தார். "இவர்களுக்கு இஷ்டமில்லை போலிருக்கிறதே?" என்று இங்கிலீஷில் என்னிடம் கேட்டுக்கொண்டே ஒப்பந்தக் கோப்பை மூடினார். அவர் படியிறங்கினால் தெரு போச்சு.

ராகு காலத்தைப் பற்றி விளக்கினேன். அவர் முகம் இளகவில்லை. அப்போதுதான் அந்தக் கதையையும் அவிழ்த்தேன். தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களைத் தலைவர் ராகு காலம் முடியும்வரை வாசல் வெயிலில் நிறுத்திவைத்ததை, அந்தச் சம்பந்தம் அதோடு முறிந்ததை. தலைவருக்கு இங்கிலீஷ் ஓடாது. நான் ஏதோ சமாளிக்கிறேன் என்று நினைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். பன்னிரண்டு அடித்ததும் வேறு தாளில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். என் பழைய தாளைத் தலைவரே கிழித்துப் போட்டார்.

தெரு பட்டியலில் ஏறியது. பஸ் வந்தது, வியாபாரம் வந்தது, இடிக்கும் பேச்சு அடங்கியது. பயணிகள் கையில் இருந்த துண்டுப் பிரசுரத்தில் எங்கள் தெருவுக்கு நாலு வரி. அதில் இரண்டு, மாப்பிள்ளை வீட்டாரையே வெயிலில் நிற்கவைத்த மளிகைக்காரரை வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள் என்றன.

வந்தவர்கள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சில வாரம் பதிலுக்குச் சிரித்தார். ஒருநாள் பிரசுரத்தைக் கொண்டுவந்து, "என்ன தம்பி போட்டிருக்கான்?" என்றார். படித்துச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், சொல்ல வாய் வரவில்லை.

"இதை ஒங்கிட்ட மட்டும்தானே சொன்னேன்" என்றார். குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை காலைகளில் அவர் கடையைத் திறப்பதில்லை. பயணிகள் மூடிய கதவைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த என் கடைக்கு வருவார்கள். அவர் எங்கே என்று கேட்பார்கள். ஊரில் இல்லை என்பேன். தபால் அட்டை வாங்குவார்கள். எனக்கு நல்ல வியாபாரம்.