கேட்டுக்கு வெளியே ஒரு சமாதானக் கூட்டம்

உக்குவளையில் கண்டி ரயிலுக்குக் காத்திருக்கிறேன். எதிரே மாதாகோயில் மண்டபத்தில் பங்குச் சாமியார் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கலவரத்துக்குப் பிறகு தமிழரையும் சிங்களவரையும் பேசவைக்க அவர் கூட்டும் மூன்றாவது கூட்டம் இது. இன்றும் ஆள் சேராவிட்டால் கைவிட்டுவிடுவாராம்.

ஆட்கள் என்னவோ வந்திருக்கிறார்கள், எல்லாரும் கேட்டுக்கு வெளியே. அங்கே நிற்கும் தையல்கார முத்தையாவிடம் போய், "உள்ள போகலையாண்ணே?" என்கிறேன்.

"போனா தலையில தண்ணிய ஊத்தி அவங்க வேதத்துல சேர்த்துருவாருங்க. அந்தா நிக்கிறாரே, சிங்களப் பேக்கரி அப்புஹாமி மொதலாளி, அவரும் அதத்தான் சொல்றாரு."

"அவரோட பேச்சு இல்லைன்னாங்களே?"

"என் கடைய ஒடைக்கிறப்ப பார்த்துக்கிட்டு நின்ன மனுசன். அவரோட என்னங்க பேச்சு? இது ஒண்ணுதான் பேசிக்கிறோம்."

சாமியார் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார். தான் வந்தால் கூட்டம் கலைந்துவிடும் என்று, சமைக்கும் குசினிக்காரரிடம் தேத்தண்ணியை மட்டும் கொடுத்தனுப்புகிறார். முத்தையா கோப்பையை மோந்து பார்த்து, அப்புஹாமியிடம் நீட்டிச் சிங்களத்தில் சொல்கிறார்:

"மந்திரிச்சிருந்தாலும் இருக்கும். மொதல்ல நீங்க குடிங்க மொதலாளி."

அப்புஹாமி பாதியைக் குடித்துவிட்டு, தலையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். ஒன்றும் ஆகவில்லை. மீதியை அதே கோப்பையில் முத்தையா வாங்கிக் குடிக்கிறார்.