கட்டத்தில் எழுதாத காளை

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் துறை அலுவலகத் தொலைபேசி அடித்தது. தல்லாகுளத்திலிருந்து பேராசிரியை கமலவேணி அம்மையாரின் தம்பி பேசினார். "அக்கா போயிருச்சு சார்" என்றார்.

அம்மையாரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களின் பேச்சு வழக்கையும், அந்தப் பேச்சில் ஒலிகள் எப்படிப் பிறக்கின்றன என்பதையும் ஆராய்ந்தவர். பசுமலையில் எங்கள் கல்லூரியில் பணி. நான் அவருடைய துறையில் ஆய்வகப் பொறுப்பாளன். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதும் அறிக்கைகளைத் தட்டச்சு செய்வதும் என் வேலை. அந்தக் கருவியின் கனத்தை நொந்துகொள்ளாத நாளில்லை. யாரைப் பதிவு செய்தாலும் ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை சொல்லவைப்பார். "மொத ரெண்டு தடவை நமக்காகச் சொல்லுவாங்க சார். மூணாவதுதான் அவங்க பேச்சு" என்பார்.

எழுபதுகளின் நடுவில், இன்றைக்குப் பத்து வருடத்துக்கு முன்னால், அலங்காநல்லூர்ப் பக்கம் கருப்பையா என்ற விவசாயியைப் பதிவு செய்தோம். மறு வருடம் அவர் இறந்துபோனார். சில நாட்களில் அவர் மனைவி பேச்சியம்மாள் கல்லூரிக்கே வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, அவுக போனதுலருந்து காளை எதுலயும் வாய வைக்க மாட்டேங்குது. அவுக பேச்சு ஒங்ககிட்ட இருக்குல்ல?"

உடனே பேருந்து ஏறினோம். நல்ல வெயில் நேரம். கட்டுத்தறியின் முன்னால் நாடா ஓடத் தொடங்கியது. "மழை... மழை... மழை" என்றார் கருப்பையா. காளை காதை விறைத்தது. கருவி இருந்த பக்கம் அது திரும்பவே இல்லை. வாசல் படலைப் பார்த்தது. பிறகு அதன் தலை மெல்ல, மிக மெல்ல, படலிலிருந்து தீவனத் தொட்டி வரை நகர்ந்தது, நடந்து வரும் ஆளைப் பார்ப்பதுபோல. நாங்களும் திரும்பிப் பார்த்தோம். ஒருவரும் இல்லை. காளை தொட்டிக்குள் தலையை விட்டுத் தின்னத் தொடங்கியது. நாடாவை நிறுத்தப் போன என் கையை அம்மையார் பிடித்துக்கொண்டார். "முடியட்டும் சார்" என்றார். அவருடைய கையும் சில்லென்றுதான் இருந்தது.

அடுத்த ஆண்டு அவருக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. ஆய்வின் பயனை அளப்பதற்கு ஒரு படிவம் வந்தது. எத்தனை கட்டுரைகள், எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், யார் பயன்படுத்தினார்கள் என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தார்கள். பேச்சு வழக்கு ஆய்வை யார் சீண்டினார்கள்? இரண்டே மேற்கோள்கள் தேறின. கடைசிக் கட்டத்தைப் பார்த்த அம்மையார், "கருப்பையா வீட்டுக் காளைன்னு எழுதுங்க" என்றார்.

"சிரிப்பாங்க மேடம்."

"சிரிக்கட்டுமே. பயன்பட்டது நெசந்தான?"

நான் எழுதவில்லை. அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பினேன். ஆய்வின் தாக்கம் போதவில்லை என்று பதில் வந்தது. பதவி வேறொருவருக்குப் போனது. எழுதியிருந்தாலும் கிடைத்திருக்காது என்று பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அவர் சொன்னதை எழுத நான் ஏன் வெட்கப்பட்டேன்? படிவத்தின் நகலைப் பார்த்து அம்மையார், "டைப்பு சுத்தமா இருக்கு சார்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம்.

புதன்கிழமை தல்லாகுளம் வீட்டுக்குக் கல்லூரியிலிருந்து சிலர் போயிருந்தோம். தெரு நிறைய வெளியூர்க்காரர்கள். ஒரு காலத்தில் எங்கள் கருவி முன்னால் உட்கார்ந்து பேசியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். யாரும் சத்தமாக அழவில்லை.

பேச்சியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அம்மையாரின் தலைமாட்டில் உட்கார்ந்து, காதருகே குனிந்து, உயிரோடிருப்பவரிடம் பேசுவதுபோலவே சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"டீச்சரம்மா, அவுகள அங்க பாத்தா, இனிமே வீட்டுப் பக்கம் வர வேணாம்னு சொல்லிருங்க. மாடு நல்லாத்தான் திங்குது."

விடைகொடுக்கிறேன், மேடம். சேதியை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.