மாமாவின் கீல்கள்

அந்த நாளில் திருச்சியில் நல்ல கதவு என்றால் அதற்குச் சீமைக் கீல்தான் போட வேண்டும். பெரிய கடைவீதியில் இருந்த அப்பாவின் இரும்புக் கடையிலும் அதுதான் விற்றது. கப்பலில் வரும் சாமான்களுக்குச் சர்க்கார் கட்டுப்பாடு போட்டதும் கீல் வரத்து குறைந்தது. அப்பா கவலைப்பட்டார். என் தாய்மாமாவோ சந்தோஷப்பட்டார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு, உறையூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு கொட்டகை பிடித்துக் கீல் செய்யும் பட்டறை ஆரம்பித்தார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அம்மா சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மாமாவின் கீல் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மாட்டிய கொஞ்ச நாளில் கதவு தொங்கிவிடும். எங்கள் கடையில் முதலில் வாங்கிய தச்சர் அதைக் கழற்றிக்கொண்டுவந்து கல்லாப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகும் மாமா வாராவாரம் சரக்குக் கொண்டுவந்தார். அப்பாவும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்.

ஒரு பள்ளி விடுமுறையில் நான் கடையில் இருந்தேன். சரக்கோடு வந்த மாமா, தன் கீலெல்லாம் எப்படிப் போகிறது என்று என்னிடம் விளையாட்டாகக் கேட்டார். நல்ல பதிலாகச் சொல்ல வேண்டும் என்று, எல்லாம் பின்கட்டில் பத்திரமாக இருப்பதாகச் சொன்னேன்.

மாமா உள்ளே போனார். சுவரோரம் அடுக்கியிருந்த சாக்குகளில் ஒன்றை அவிழ்த்துப் பார்த்தார். இன்னொன்றையும் அவிழ்த்தார். அப்பா பின்னாலேயே வந்து நின்றார்.

"விக்காதுன்னு தெரிஞ்சும் ஏன் அத்தான் வாங்கினீங்க?"

"வாங்கலைன்னா நீ பட்டறையைச் சாத்தியிருப்பே. செய்யச் செய்யத்தானே மாப்பிள்ளை கை பழகும்?"

மாமா அவிழ்த்த சாக்குகளை மறுபடி கட்டினார். பிறகு, "செஞ்சா மட்டும் பழகாது அத்தான். கெட்டதைக் கெட்டதுன்னு யாராவது சொல்லணும். நீங்க சொல்லவே இல்லையே" என்றார்.

சாக்குகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர் மாதக்கணக்கில் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தன் தம்பியை அப்பா அவமானப்படுத்திவிட்டதாக நினைத்து அம்மா அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமா பொன்மலையில் பழைய மேஸ்திரி ஒருவரிடம் போய்ப் போய் வருவதாக யாரோ சொன்னார்கள்.

பொங்கலுக்கு முன் மாமாவின் கீல் மறுபடி கடைவீதிக்கு வந்தது. எங்கள் கடைக்கு அல்ல, எதிர்க்கடைக்கு. அந்த முதலாளி உறவு, சிநேகம் எதையும் பார்க்காதவர். சின்னக் குறை இருந்தாலும் தெருவில் வைத்தே திட்டிச் சரக்கைத் திருப்பி அனுப்புவார். மாமாவையும் அப்படித்தான் அனுப்பினார். மாமா திரும்பத் திரும்ப வந்தார். கடைசியில் ஒருநாள் சரக்கு அங்கே இறங்கியது.

எங்கள் வாடிக்கைக்காரர்களே அங்கே போய் வாங்குவதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை நாள் தாங்கியவரை விட்டுவிட்டு மாமா இப்படிச் செய்யலாமா என்று அப்பாவைக் கேட்டேன்.

அப்பா எழுந்து தெருவைக் கடந்து போய், கூட்டத்தோடு நின்று, காசு கொடுத்து மாமாவின் கீல் ஒரு ஜோடி வாங்கி வந்தார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. சொந்தமாக இரும்புக் கடை வைத்திருப்பவர் எதிர்க்கடையில் போய் வாங்கிவிட்டு அப்படி எதற்குச் சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு வியாபாரம் தெரியாது என்றே அன்று முடிவு செய்துகொண்டேன்.